தில்லியில் பனிக்காலம்

"தில்லியில பனி கொட்டுமாமே? சினிமாவுல காட்டுற மாதிரி எல்லாம் வெள்ளை வெளேர்னு கிடக்குமாமே?"

எனக்குத் தில்லியில் ஆசிரியை வேலை கிடைத்தது. செய்தி கேட்டதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். மார்கழி மாதம் புல் நுனியில் நிற்கும் பனித்துளிதான் எனக்குத் தெரிந்த பனி.

இப்போது மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டேன். பெரியம்மாவுக்குப் பதில் சொல்ல முடியும். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆர்.கே.புரம்

நான் வேலை பார்க்கும் இடம் ஆர்.கே.புரம். ராமகிருஷ்ணபுரம் என்பது முழுப் பெயர். ராமகிருஷ்ண பரமஹம்சரின் பெயரை வைத்திருக்கிறார்கள். தென்மேற்குத் தில்லியில் உள்ள பகுதி இது. மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. செக்டர் 1, செக்டர் 2 என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்.

இங்கே தமிழ்ப் பேச்சைக் கேட்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். செக்டர் 5-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1946-இல் தொடங்கிய சங்கம். செக்டர் 7-இல் சிறிய குன்று ஒன்று. அதன் மேல் சுவாமிநாதன் கோயில். 'மலை மந்திர்' என்று சொன்னால் போதும். ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். நகரில் தமிழ் கற்றுத் தரும் பள்ளிகளும் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் மட்டும் 7 பள்ளிகளை நடத்துகிறது. 1923-இல் தொடங்கிய வேலை அது.

இங்குள்ள தமிழர் எல்லோரும் ஆபீசர்கள் என்று நினைக்காதீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள், துணி தேய்ப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் இருப்பது ஓர் அறை வீட்டில். சில இடங்களில் அதற்குத் தகரக் கூரை. அவர்களுடைய பிள்ளைகளும் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

காலை நேரம்

டிசம்பர் வந்துவிட்டால் காலையில் எழுவதே ஒரு வேலை. பருத்திப் பஞ்சு அடைத்த கனமான போர்வையை இங்கே 'ரஜாய்' என்கிறார்கள். அதை விட்டு வெளியே வர மனம் வராது. குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் விரல் மரத்துப் போகும். வாளித் தண்ணீரில் மின்சாரக் கம்பியைப் போட்டுச் சூடாக்குவோம். சுவிட்சை அணைத்து, கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். முதல் வருடம் நான் அவசரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். நல்ல அடி. உயிர் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

ஒரு பனியன், இரண்டு சுவெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லாய், காலில் உறை. இவ்வளவும் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவேன். எதிரே பத்தடி தூரம்தான் தெரியும். வேப்ப மரம் இருக்கும் இடம் தெரியாது. அதிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் தலையில் விழும். தூரத்தில் பஸ் வந்தால் அதன் விளக்கு எலுமிச்சம்பழம் போல மங்கலாகத் தெரியும். பஸ் கிட்டே வந்த பிறகுதான் அதன் உருவம் தெரியும். அதனால் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் சாலையைக் கடக்க வைப்போம்.

எவ்வளவு குளிர் என்று கேட்கிறீர்களா? ஜனவரி மாதம் இரவில் 7 டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். சில நாள் 3, 4 டிகிரிக்கு இறங்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் குளிரும் ஏறத்தாழ இதுதான். 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி. 1935 ஜனவரி 16 அன்று பூஜ்யத்துக்கும் கீழே போனது. மைனஸ் 0.6 டிகிரி. பகலிலும் குளிர் விடாத நாட்கள் உண்டு. 2019 டிசம்பர் 30 அன்று நடுப்பகல் வெப்பமே 9.4 டிகிரிதான்.

பனியா? எந்தப் பனி?

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பருவங்கள் பற்றிப் பாடம் நடத்தினேன். "மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்" என்றேன். ஒரு பையன் எழுந்தான். அவன் பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி.

"டீச்சர், பனின்னா பர்ஃபா, கோஹ்ராவா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தியில் பனித்துளிக்கு 'ஓஸ்' என்று பெயர். மூடுபனிக்குக் 'கோஹ்ரா'. உறைபனிக்குப் 'பாலா'. வானத்திலிருந்து விழும் வெண்பனிக்குப் 'பர்ஃப்'. நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். நம் ஊர்ப் பக்கம் வெண்பனியே விழுவதில்லை. அதனால் நமக்குப் பிரித்துச் சொல்லும் தேவை வரவில்லை போலும்.

கரும்பலகையில் நான்கு சொற்களையும் எழுதிப் போட்டேன். விரல் விறைத்திருந்தது. எழுத்து கோணல்மாணலாக வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

தில்லியில் இருப்பது கோஹ்ரா. அதாவது மூடுபனி. இங்கே வெண்பனி விழுவதில்லை. 2019 பிப்ரவரி 7 அன்று பக்கத்து ஊரான நொய்டாவில் தெருவெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பார்த்தவர்கள் பனி என்றார்கள். உண்மையில் அது ஆலங்கட்டி மழை.

சிம்லாவில் விழுகிறதே, தில்லியில் ஏன் விழவில்லை? சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று குளிரும். தில்லியோ சமவெளியில், 200 மீட்டர் சுமாரான உயரத்தில் இருக்கிறது. மேலிருந்து பனி புறப்பட்டாலும் வழியிலேயே உருகி மழையாகிவிடும்.

அப்படியானால் ஊட்டி? அதுவும் சிம்லா அளவு உயரம்தானே? நல்ல கேள்வி. ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இமயமலையில் பனி கொட்டுவதற்குக் காரணமான மேகங்கள் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகின்றன. அவை ஊட்டி வரை வருவதில்லை. அங்கே குளிர்கால இரவில் வானம் தெளிவாக இருக்கும். தரை குளிர்ந்து புல்லின் மேல் உறைபனி படியும். அவ்வளவுதான்.

மூடுபனி எப்படி வருகிறது? குளிர்ந்த காலையில் வாயைத் திறந்து ஊதிப் பாருங்கள். புகை போல வரும். அது புகை அல்ல. மூச்சில் இருக்கும் நீராவி குளிர்ந்து சிறு சிறு துளிகளாகிறது. தரையை ஒட்டிய காற்றிலும் இரவில் இதேதான் நடக்கிறது. காற்று அசையாமல் நின்றால் மூடுபனி கலையாது. தில்லியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கீழே குளிர்ந்த காற்று. அதன் மேலே கொஞ்சம் சூடான காற்று. மேலே உள்ள காற்று பானைக்கு மூடி போட்டது போல அழுத்திக்கொள்ளும். வண்டிப் புகை, அடுப்புப் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் கீழேயே சுற்றும். பனியும் புகையும் கலந்த காற்றைத்தான் நாங்கள் மூச்சு விடுகிறோம்.

பள்ளிக்கு விடுமுறை

எங்கள் பள்ளியில் இமாசலப் பிரதேசத்து ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் குளிரில் நடுங்குவதைப் பார்த்து அவர் சிரிப்பார். அவர் ஊரில் முழங்கால் அளவு பனி விழுமாம். குழாயில் தண்ணீர் உறைந்து நிற்குமாம். அங்கெல்லாம் கோடையில் நீண்ட விடுமுறை கிடையாது. குளிர்காலத்தில்தான் நீண்ட விடுமுறை. காஷ்மீரிலும் அப்படியே. டிசம்பரில் மூடினால் பிப்ரவரி கடைசி வரை பல பள்ளிகள் திறக்காது.

தில்லியில் பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் விடுமுறை விடுவார்கள். குளிர் அதிகமானால் சின்ன வகுப்புகளுக்குக் கூடுதல் விடுமுறை. காலையில் பள்ளி தொடங்கும் நேரத்தையும் தள்ளி வைப்பார்கள். வெயில் வந்த நாளில் எங்களுக்குத் திருவிழாதான். வகுப்பையே மைதானத்துக்குக் கொண்டுபோய் விடுவோம். பூங்காக்களில் பெண்கள் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே சுவெட்டர் பின்னுவார்கள். அந்த வெயிலின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது.

தூங்கி வழிந்த பையன்

பனி பற்றிக் கேள்வி கேட்டானே, அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரன். போன குளிர்காலம், டிசம்பர் மூன்றாவது வாரம் அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. காலையில் மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

"ராத்திரி டிவி பார்த்தியா?" என்று அதட்டினேன்.

"இல்ல டீச்சர். தலை வலிக்குது."

மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் நாள் வாந்தி எடுத்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. சளி இல்லை. இருமல் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் பார்த்தால் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்! படிக்காமல் இருக்க நடிக்கிறான் என்று நினைத்தேன். நான்காம் நாள் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை அவன் தங்கையின் ஆசிரியை பேச்சு வாக்கில் சொன்னார். "அந்தக் குட்டிக்கும் நாலு நாளா காலையில தலைவலி." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. இருவருக்கும் காய்ச்சல் இல்லை. வீட்டில் இருக்கும்போது வருகிறது. வெளியே வந்தால் மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. அப்படியானால் நோய் பிள்ளையிடம் இல்லை. வீட்டில் இருக்கிறது.

தகர டின்னில் கரி

அவன் அம்மாவை எனக்கு முன்பே தெரியும். நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். சனிக்கிழமை மாலையில் நானும் ஐந்து பெண்களும் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறோம். அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். அப்பா துணி தேய்க்கிறார். குடியிருப்பில் ஒரு மரத்தடியில் மேசை. கரி போட்ட இரும்புப் பெட்டி.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். ஒரே அறை. ஒரே ஒரு ஜன்னல். அதிலும் சாக்கையும் பிளாஸ்டிக்கையும் வைத்து அடைத்திருந்தார்கள். கதவிடுக்கில் பழைய துணி. மூலையில் பக்கவாட்டில் ஓட்டை போட்ட பெயிண்ட் டின். அதில் கரி கனன்றுகொண்டிருந்தது.

இங்கே இதை 'அங்கீட்டி' என்பார்கள். நம் ஊர்க் குமுட்டி அடுப்பு மாதிரிதான். பெட்டியில் மிஞ்சிய கரியை அப்பா மாலையில் கொண்டு வருவார். இரவு முழுவதும் அது அறைக்குள் இருக்கும்.

"அக்கா, ராத்திரி இதை உள்ளே வைக்காதீங்க. இதுதான் தலைவலிக்குக் காரணம்" என்றேன்.

"புகையே இல்லையே டீச்சர்? புகை அடங்கின பிறகுதானே உள்ள வைக்கிறோம்? பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் வைக்கிறேன்."

அவர் சொன்னதில் தப்பு எண்ணம் எதுவும் இல்லை. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத காற்று

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று வருகிறது. புகை அடங்கிச் சாம்பல் பூத்துக் கனலும்போதும் வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண் எரியாது. இருமல் வராது. தண்ணீரில் அது கரைவதும் மிகக் குறைவு. அதனால் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்துப் பயன் இல்லை.

நம் ரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருள்தான் பிராணவாயுவை உடம்பு முழுவதும் கொண்டு செல்கிறது. அதை ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா? இந்த நச்சுக் காற்று அப்படித்தான் செய்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லா இருக்கையும் போய்விடும். பிராணவாயு கீழே நிற்கும்.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம். தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே நினைவு போய்விடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். 2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர் பக்கத்தில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என நான்கு பேர் இப்படி இறந்து போனார்கள். பூட்டிய அறைக்குள் அங்கீட்டி இருந்தது. அதே சமயத்தில் இந்தர்புரியில் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தர்புரி எங்கள் பகுதிக்கு ரொம்பத் தூரம் இல்லை.

கரி மட்டும் அல்ல. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸில் ஓடும் வெந்நீர்க் கருவியும் இதே காற்றை விடும். மூடிய இடத்தில் ஓடும் ஜெனரேட்டரும் விடும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கக் கூடாது.

"குளிருக்கு என்ன வழி?"

இதையெல்லாம் சொன்னேன். அந்த அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"சரி டீச்சர், வெளியே வச்சிடுறேன். புள்ளைங்க குளிர்ல விறைச்சுப் போனா என்ன பண்றது? ஹீட்டர் வாங்க எங்க கிட்ட காசு ஏது?"

நியாயமான கேள்வி. குளிரும் ஆளைக் கொல்லும். சும்மா 'வைக்காதே' என்று சொல்லிவிட்டு நான் என் ரஜாய்க்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாமா?

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அப்பாதான் முதல் வழி சொன்னார். சமைக்கிற நேரத்தில் கதவைத் திறந்து வைத்து அங்கீட்டியில் கை கால் காய்ச்சிக்கொள்வது. படுக்கும் முன் அதை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைப்பது. தரைக் குளிர்தான் அதிகம் ஏறும். அதனால் பாய்க்குக் கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுவது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பிள்ளைகளின் கால்மாட்டில் வைப்பது. எல்லோரும் ஒரே ரஜாய்க்குள் படுப்பது. ஜன்னலைக் கீழ்ப்பக்கம் அடைத்தாலும் மேலே ஒரு சாண் திறந்து விடுவது. பள்ளியில் சொல்லி இரண்டு பழைய ரஜாய் நான் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பையன் தலைவலி இல்லாமல் வந்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவனிடம், "உன்னைப் பெஞ்சு மேல நிக்க வச்சது என் தப்புடா" என்றேன். அவனுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

ஜனவரியில் நடந்தது

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பொங்கல் முடிந்து திரும்பினேன். மூடுபனியால் ரயில் ஏழு மணி நேரம் தாமதம். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஒரு நாள் இரவு குளிர் ரொம்ப அதிகம். அக்காவும் பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். அப்பா நடுராத்திரி எழுந்தார். பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. 'கொஞ்ச நேரம்தானே' என்று புதிதாகக் கரி மூட்டி உள்ளே கொண்டு வந்தார். கதவைச் சாத்தினார். கண் அசந்துவிட்டார். அன்று ஜன்னலும் முழுவதும் அடைத்திருந்தது.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். சின்னவள் வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தத்தில் அக்கா விழித்தார். எழுந்தால் தலை கனக்கிறது. கால் தள்ளாடுகிறது. மூலையில் சிவப்பாகக் கனல் தெரிந்தது.

"அப்பத்தான் நீங்க சொன்ன துண்டு போடுற கதை ஞாபகம் வந்துச்சு டீச்சர்" என்றார்.

அவர் முதலில் கதவைத் திறந்தார். பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். பனியில்தான், வேறு வழியில்லை. கூச்சல் போட்டார். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அப்பாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். அவருக்கு நினைவு இல்லை. ஒருவர் 112-க்கு போன் செய்தார். நம் ஊரில் என்றால் 108-க்கும் கூப்பிடலாம். மருத்துவமனையில் அவருக்கு முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல காற்றில் வந்ததும் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது நல்லது. இரண்டு நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார்.

நான் போனபோது அவர் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "தப்பு பண்ணிட்டேன் டீச்சர்" என்றார். அவர் அதைப் பிள்ளைகளுக்காகச் செய்தவர். நான் என்ன சொல்வேன்? "உட்காருங்கண்ணா" என்றேன்.

அக்கா உள்ளே கூப்பிட்டார். அங்கீட்டி இருந்த மூலையில் இப்போது தண்ணீர்க் குடம். அதற்கு மேலே சுவரில் கரியால் எழுதியிருந்தார். அவராக, யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுதியது.

'ராத்திரி கரி வெலியே.'

'ளி' போட வேண்டிய இடத்தில் 'லி' போட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்த எழுத்திலிருந்து வகுப்பைத் தொடங்கினோம்.